அண்ணனுக்குப் போன நாற்பத்தோரு நிமிஷம்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. பல்செட் அக்கா என்றால்தான் தெரியும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பொய்ப்பல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன லேப்பில் பதினேழு வருஷமாக வேலை. பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும், "அந்தக் கடைவாய்ப்பல் நம்ம வேலைதான்" என்று பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடிப்பாள்.

எதையும் சாவகாசமாகச் சொல்ல அவளுக்கு வராது. பால் பொங்கியதைக்கூட வீடு பற்றி எரிகிற மாதிரிதான் சொல்வாள். அவள் கணவர் நேர் எதிர். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான். கரண்டிகள் உயர வாரியாகத் தொங்கும், மருந்துச் சீட்டுகள் தேதி வாரியாகப் படுத்திருக்கும். அக்கா கழற்றிப் போட்ட செருப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாறுமாறாகக் கிடந்ததாகச் சரித்திரமே இல்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏறினால் ஒன்பது மாதம், சில சமயம் பதினொன்று. அவருக்கு ஒரே மகள், ஐந்து வயது. ஆள் சுண்டுவிரல் அளவுக்கு இருந்ததால் வீட்டில் சுண்டு. சுண்டு பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. மாவுக்கட்டு, இரும்புக்கம்பி வைத்த பூட்ஸ், இரண்டு ஆபரேஷன் என்று அந்தக் குழந்தை படாத பாடில்லை. கடைசி ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் கப்பல் ஏற வேண்டியதாகிவிட்டது. தொடை வரைக்கும் வெள்ளைக் கட்டோடு கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான்கு மாதத்தில் சுண்டு நடந்தாள். ஐந்தாம் மாதம் மாடிப்படி ஏறினாள். ஆறாம் மாதம் அண்ணிக்குத் தலைவலியே, இவளை ஒரு இடத்தில் உட்கார வைப்பது எப்படி என்பதுதான்.

அண்ணன் மட்டும் நம்பவில்லை. கப்பலிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். "நல்லா நடக்குறா, ஓடுறா" என்று அண்ணி சொன்னால், "சரி சரி" என்பார். அந்த 'சரி சரி'யில் நம்பிக்கை துளிகூட இருக்காது. முன்பு ஒருதரம் அவர் கடலில் இருந்தபோது அப்பா படுக்கையில் விழுந்ததை வீட்டில் மறைத்திருந்தார்கள். அதிலிருந்தே வீட்டார் சொல்லும் நல்ல செய்தி எதுவும் அவர் காதில் பாதிதான் நுழையும். சுண்டு நிற்கிற போட்டோக்களைத் தபாலில் அனுப்பினார்கள். அடுத்த போனில் தங்கச்சியிடம் அவர் கேட்டார்:

"போட்டோல எல்லாரும்தான் நிக்கிறாங்க. பின்னாடி யாராவது புடிச்சிருந்தா அதுல தெரியுமா? அவ நடக்கிறாளா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

அக்கா போனை வைத்தவள் அன்றைக்கே ஒரு வீடியோ கேமராவுக்கு ஆளைப் பிடித்தாள். லேப்பில் கூட வேலை பார்ப்பவளின் வீட்டில் ஒரு பழைய கேஸட் கேமரா பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. அது அக்கா கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி வீட்டில் படப்பிடிப்பு. சுண்டு வாசலிலிருந்து சமையலறைக்கு நடக்கிறாள். சுண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், பாதி செடிக்கு, பாதி தன் காலுக்கு. சுண்டு மாமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போகிறாள். ஒன்பது கேஸட் ஆயிற்று.

அண்ணன் கப்பலில் சாப்பாட்டு அறையில் ஒரு டி.வி.யும் டிஸ்க் போட்டுப் பார்க்கிற பிளேயரும் உண்டு. ஆகவே கேஸட்டில் இருப்பதை டிஸ்க்காக மாற்றியாக வேண்டும். கணவரின் கம்ப்யூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒரு புரோகிராமை, கடைக்காரரிடம் சொல்லி ஏற்றிக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பட்டனாகத் தட்டித் தட்டித்தான் கற்றுக்கொண்டாள். கேமராவை வயரில் மாட்டினால் கேஸட்டில் இருப்பது துண்டு துண்டாகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. திரையின் அடியில் அந்தத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, வேண்டாததைக் கத்தரித்து, இழுத்துப் பக்கத்தில் ஒட்டினால் படம். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேரே அதன் முன்னால்தான். மூன்று வாரம் சாயங்காலமெல்லாம் அப்படியே போயிற்று. அரை விநாடியை வெட்டுவதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு வெட்டுத் தெரியாமல் ஓடினால், "என்னங்க! ஓடி வாங்க! ஒட்டினதே தெரியல பாருங்க!" என்று கத்துவாள். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்த்து, "தெரியல" என்று ஒப்புக்கொண்டு போவார்.

ஒரே ஒரு இடத்தில்தான் அண்ணியோடு மல்லுக்கட்டு. சுண்டு மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படியில் தடுக்கி, தொப்பென்று விழுகிற இடம்.

"அதை எடுத்துடும்மா. அங்க நடுக்கடல்ல அவரு பார்த்துட்டுப் பதறிடுவாரு."

"விழுந்தவ தானாவே எழுந்திரிக்கிறாளே அண்ணி. கையில மண்ணைத் தட்டிட்டு, படிய ஒரு முறை முறைக்கிறா பாருங்க, அதை எப்படி வெட்டுறது? எனக்குக் கை வரல."

"சொன்னா கேக்க மாட்டே."

"இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க அண்ணி."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். நாற்பத்தோரு நிமிஷம். படம் முடிந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மறக்காமல் சேமித்தும் வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் கப்பல்களுக்குக் காய்கறி, தண்ணீர் எல்லாம் படகில் கொண்டுபோய்க் கொடுக்கும் சப்ளைக்காரர்.

"உங்க அண்ணன் கப்பல் நாளைக்குக் காலைல நம்ம துறைமுகத்துக்கு வெளியில வந்து நிக்குதும்மா. உள்ள வராது. ஆளுங்களையும் இறங்க விட மாட்டாங்க. தண்ணி, சாமான் ஏத்திக்கிட்டு சாயங்காலமே கிளம்பிடும். என் படகு ரெண்டு மணிக்குப் போகுது. ஏதாவது கொடுத்தனுப்பணும்னா கொண்டு வந்துடுங்கன்னு சொல்லச் சொன்னாரு."

அக்கா போனை வைத்துவிட்டு ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "கண்ணுக்கெட்டுற தூரத்துக்கு வந்துட்டு இறங்காமப் போறானாமே! பரவாயில்ல, படம் இறங்குது அவன்கிட்ட! இல்ல, ஏறுது!" அவள் கை பட்டுக் கணவர் சட்டையில் டீ கொட்டியது. அவர் துடைத்தார். பிறகு, மனைவி நாளைக்கு அவசரப்படப் போகிறாளே, நம்மால் ஆனதைச் செய்துவைப்போம் என்று, அவள் அண்ணிக்குச் செய்தி சொல்லப் போயிருந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா லேப்புக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். "இன்னைக்கு யாருக்கும் பல்லு முளைக்காது, திங்கக்கிழமைதான்" என்று சொல்லிவிட்டு, சேமித்துவைத்த ஃபைலை எடுத்து, வெற்று டிஸ்க்கை டிரைவுக்குள் தள்ளி, எழுதச் சொன்னாள். அரை நிமிஷத்தில் தட்டு வெளியே வந்தது.

"என்னங்க, முடிஞ்சே போச்சு! ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறதுக்குள்ள!"

அந்த வேகத்திலேயே தன் வீட்டு பிளேயரில் போட்டாள். டிஸ்க் சுற்றியது, உறுமியது, நின்றது. டி.வி.யில் நீலத் திரை. 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று ஒரு வரி. திருப்பிப் போட்டாள். துடைத்துப் போட்டாள். ஊதிப் போட்டாள். அதே வரி.

எட்டரைக்குக் கம்ப்யூட்டர் கடைக்காரர் போனை எடுத்தபோது பல் விளக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, நுரையோடுதான் பேசினார்.

"ஃபைலு எவ்ளோ பெருசுக்கா?"

அக்கா பார்த்துச் சொன்னாள்.

மறுமுனையில் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு தெளிவான குரல். "அக்கா, அதுல ஒரு போட்டோவைக்கூட வைக்க முடியாதே. நாப்பது நிமிஷப் படம் எப்படி அதுக்குள்ள இருக்கும்? நீங்க சேமிச்சு வச்சது படம் இல்ல. எந்தத் துண்டு முதல்ல, எங்க வெட்டு, எது எங்க இருக்குன்னு எழுதி வச்ச கணக்கு, அவ்ளோதான்."

"புரியற மாதிரி சொல்லுப்பா."

"டாக்டரு உங்களுக்கு அளவு எழுதி ஒரு சீட்டு அனுப்புவாருல்ல? நீங்க பல்லே செய்யாம அந்தச் சீட்டை மடிச்சு பேஷண்ட் வாயில வச்சு அனுப்பிட்டீங்க."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் முறைத்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே வியர்த்தது. "அப்ப பல்லை எப்படிச் செய்யறது, சீக்கிரம் சொல்லு!"

"அந்தக் கணக்குக்கு ப்ராஜெக்ட்னு பேரு. அதைத் திறங்க. டிஸ்க்கா மாத்துன்னு ஒரு பட்டன் இருக்கும். அதுவே எல்லாத் துண்டையும் கோத்துப் படமாக்கி டிஸ்க்ல எழுதும். ஆனா நேரம் புடிக்கும்கா. உங்க மெஷினுக்கு மூணு மணி நேரம்னு வச்சுக்குங்க."

ஒன்பது கூட்டல் மூன்று பன்னிரண்டு. இரண்டு மணிக்குப் படகு. தாராளமாகப் போதும். அக்கா ப்ராஜெக்டைத் திறந்தாள்.

திரையில் ஒரு சுண்டுவும் இல்லை. வரிசையாக அறுபத்து மூன்று கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று அறுபத்து மூன்று தடவை.

"ஐயோ! என்னங்க! எல்லாம் போச்சு!"

கணவர் சமையலறையிலிருந்து வந்தார். திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

"நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"ஒண்ணும் அழிக்கல" என்றார் அவர். "நேத்து... எல்லாம் ஒரே இடத்துல குப்பையா கிடந்துச்சு. படம் ஒண்ணு, படம் ரெண்டுன்னு. உனக்கு ஈசியா இருக்கட்டுமேன்னு மாசத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, தேதி எழுதி, பேரு மாத்தி..." குரல் கரைந்துகொண்டே போனது. "அழகா அடுக்கி வச்சேன்."

அடுக்கி வைத்திருந்தார்தான். அக்காவின் சீட்டில் 'படம் பதினேழு' என்று எழுதியிருந்தது. 'படம் பதினேழு' என்ற பெயரில் இப்போது உலகத்திலேயே எதுவும் இல்லை. அது 'சுண்டு, செடி, இரண்டாவது ஞாயிறு, காலை' என்று ஒரு ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது.

வாய் வரைக்கும் வந்ததையெல்லாம் அக்கா கொட்டியிருப்பாள். ஆனால் மனுஷன் தப்புச் செய்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். "சரி, நாற்காலியை இழுத்துப் போடுங்க" என்றாள். "பதினேழு எங்க வச்சீங்க?"

அங்கேதான் நூலகத்து ஆளின் திறமை தெரிந்தது. முப்பதாயிரம் புத்தகத்தில் எது எந்த அலமாரி என்று தூக்கத்தில் சொல்லக்கூடியவர், அறுபத்து மூன்று துண்டுக்கா அசருவார்? கண்ணை மூடிக்கொண்டார். "பதினேழு, மூணாவது மாசம், ரெண்டாவது வரிசை. பதினெட்டு, அதுக்குக் கீழேயே. பத்தொம்பது, அது வாளி, அடுத்த ஃபோல்டர், முதல்ல." அவர் சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொரு கட்டத்தையும் தட்டி அந்த இடத்தைக் காட்டினாள். ஒவ்வொரு சிவப்புக் குறியும் மறைந்து அந்த இடத்தில் ஒரு சுண்டு முளைத்தாள். இருபது. முப்பது. "நாப்பத்தி நாலு?" "செருப்பு! என் செருப்பு! நாலாவது மாசம், கடைசி!" அவர் குரலும் இப்போது ஏறியிருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி அக்கா கேட்டதில்லை. அறுபத்து மூன்றாவது குறி மறைந்தபோது இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். மணி பத்து இருபது.

அக்கா பட்டனைத் தட்டினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு தோன்றியது. மிச்சம் இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்றது.

விரல் விட்டுக் கூட்டினாள். ஒரு மணி. துறைமுகம் அரை மணிப் பயணம். மெஷின் தடுமாறாமல் இருந்தால் சரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாக மூச்சுக்கூட விடவில்லை. கம்ப்யூட்டர் சூடானது. கணவர் அதன் பக்கத்துத் தகட்டைத் திருகிக் கழற்றி, மேஜை விசிறியைக் கொண்டுவந்து காய்ச்சல்காரனுக்கு வைப்பது போல வைத்தார். ஒருதரம் திரை சட்டென்று கறுத்ததும் அக்கா வீறிட்டாள். மௌஸை அசைத்ததும் திரும்ப வெளிச்சம். யாரும் தொடாததால் திரை கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒருதரம் மௌஸை, கஞ்சி அடிப்பிடிக்காமல் கிண்டுகிற மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு அண்ணி வந்தாள். கையில் அண்ணனுக்கு இரண்டு சட்டை, ஒரு கடிதம். பின்னாலேயே சுண்டு. வந்தவள் வாசற்படியிலிருந்து ஹாலுக்கு ஒரே தாவு தாவினாள். தரை அதிர்ந்தது, மேஜை அதிர்ந்தது.

"குதிக்காதே!" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சுண்டு திகைத்து நின்றாள். "ஏன் அத்தை?"

"உன் படம் வேகுதுடி கண்ணு. ஆட்டக் கூடாது."

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் அக்கா நினைத்தாள். "போன வருஷம் இந்நேரம்," என்றாள் அண்ணி, "ஒரு காலையாவது தரையில வையேன்னு கெஞ்சிக்கிட்டிருந்தோம். இப்ப மூணு பெரியவங்க சேர்ந்து குதிக்காதேங்குறோம்." தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்கும் மூக்கு நமநமத்தது. பச்சைக் கோட்டையே முறைத்துப் பார்த்துச் சமாளித்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கே கோடு கடைசி வரை போய் முட்டியது. படம் தயார், டிஸ்க்கைப் போடு என்றது. எந்த வேகத்தில் எழுத என்று கேட்டது. அக்கா இருந்ததிலேயே பெரிய எண்ணைத் தட்டினாள். மெஷின் ஊளையிட்டது. மூன்றாவது நிமிஷம் 'எழுதுவதில் பிழை' என்று சொல்லி டிஸ்க்கைத் துப்பியது.

வெற்று டிஸ்க் இன்னும் இரண்டுதான் பாக்கி. திரும்பவும் கடைக்காரருக்குப் போன்.

"அக்கா, அழாதீங்க."

"அழல, கத்துறேன்!"

"படம் வெந்தது வெந்ததுதான். அது அப்படியே கம்ப்யூட்டர்ல இருக்கு. தட்டுல பரிமாறுறதுலதான் சிந்திடுச்சு. வேகத்தைக் குறைங்க. இருக்கறதுலேயே சின்ன நம்பரைத் தட்டுங்க. அது எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த மெஷின்ல வேற எதையும் தொடாதீங்க. மாமாவை மௌஸைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

கணவர் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சின்ன எண். பதினேழு நிமிஷம். டிரைவுக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சுண்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல், ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினாள், பிறகு திரும்ப எண்ணினாள். தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் கோடு நின்றேவிட்டது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். "என்ன யோசனை பண்ணுது இது?" என்று அக்கா பல்லைக் கடித்தாள். பட்டென்று தட்டு வெளியே வந்தது.

டிஸ்க் இளஞ்சூடாக இருந்தது. விளிம்பில் மட்டும் விரல் பட எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு பிளேயரில் வைத்தாள். சுற்றியது. உறுமியது. நீலத் திரை. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அத்தை, நான் வந்துட்டேன்!" என்று சுண்டு கத்தினாள்.

டி.வி.யில் சுண்டு நடந்துகொண்டிருந்தாள். அக்கா கணவரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவர் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடுவில் இரண்டு இடம், கடைசியில் ஒரு இடம், ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஓடியது. மணி ஒன்று இருபது.

டாக்ஸியில் நாலு பேரும் அடைந்துகொண்டார்கள். டிஸ்க் உறைக்குள், உறை சட்டைகளுக்கு நடுவில், சட்டைப் பொட்டலம் அக்காவின் மடியில். பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கி, முன்னால் நின்ற அத்தனை வண்டிகளுக்கும் தானே போலீஸ்காரராகக் கை காட்டினாள். டிரைவர், "அம்மா, நீங்க உக்காருங்க, நான் ஓட்டுறேன்" என்று கும்பிடாத குறை.

படகுத்துறை வாசலில் இறங்கியபோது இரண்டாக மூன்று நிமிஷம். துறை நீளமானது. அதன் மறுகோடியில் வெங்காய மூட்டையும் தண்ணீர்க் கேனும் ஏற்றிய படகு, மோட்டார் போட்டு, கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஓடினாள். பத்தடி போவதற்குள் செருப்பு வார் அறுந்து குப்புற விழப் போனாள். கணவர் அவளைத் தாங்கினார். அண்ணிக்கு முழங்கால் வலி. கையைத் தட்டிக் கூவினார்கள். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை.

"அத்தை, குடு" என்றாள் சுண்டு.

பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பாதம் இன்னும் லேசாக உள்ளே திரும்பித்தான் விழுந்தது, வலது தோள் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் என்ன ஓட்டம்! மரப்பலகைகள் தடதடத்தன. "நடுவால போடி! ஓரத்துக்குப் போகாதே!" என்று அண்ணி அலறிக்கொண்டே நொண்டி நொண்டிப் பின்னால் போனாள். படகில் இருந்த சப்ளைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மோட்டாரை அணைத்தார். குனிந்து, அந்தப் பொட்டலத்தை வாங்கி, தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சுண்டுவுக்கு ஒரு சலாம் வைத்தார்.

அக்கா ஒரு கையில் அறுந்த செருப்போடு துறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. "கேமராவ வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்ங்க!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நாலு மாசம் எடுத்தேன், இந்த ஓட்டத்தை எடுக்கலையே!"

எட்டு நாள் கழித்து, ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அண்ணன் பேசினார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அண்ணியும் பக்கத்தில் இருந்தாள்.

"டிஸ்க் ஓடிச்சா அண்ணா? அதைச் சொல்லு முதல்ல!"

"ஓடிச்சாவா? எட்டு நாளா வேற எதுவும் ஓடல. முதல் நாளு சோறு அடிப்புடிச்சுப் போச்சு, கேப்டன் ஒண்ணும் சொல்லல, அவரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு. இன்ஜின் ரூம் ஆளுங்க ஷிஃப்ட் மாத்தி மாத்தி வந்து பார்க்குறாங்க. வாளி சீன் வந்தா எல்லாரும் சேர்ந்து, 'கால்ல ஊத்தாதே'ன்னு கத்துறாங்க."

அக்கா நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள்.

"ஒண்ணு சொல்றேன்" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "முதல்ல நடக்குறது, செடிக்குத் தண்ணி ஊத்துறதெல்லாம் பார்த்தப்பகூட எனக்கு மனசு ஒட்டல. நல்லா நடக்குற இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருப்பீங்களோன்னு ஒரு எண்ணம். மாடிப்படில விழறா பாரு, அதுலதான். விழுந்தா, நீங்க யாரும் ஓடிப்போய்த் தூக்கல. கேமராகூட ஆடல. இத்தனை வருஷமா அவ தும்மினாக்கூட நாலு பேரு ஓடுற வீடு. அவ விழுந்தும் பதறாம நிக்கிறாங்கன்னா, நெஜமாவே சரியாயிடுச்சுன்னு அப்பதான் நம்பினேன். அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பிப் போட்டேன்னு கேட்காத."

அண்ணி அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையைப் பார்த்தாள். ஜெயித்ததை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அண்ணிக்குத் தெரியும்.

"இன்னொண்ணு" என்றார் அண்ணன். "இங்க எலக்ட்ரீஷியன் ஒருத்தன், நம்ம ஊருதான். அவன் பொண்டாட்டிக்கு ரெட்டைக் குழந்தை பொறந்து ரெண்டு மாசமாச்சு. பார்க்கவே இல்ல. 'உன் தங்கச்சிகிட்டச் சொல்லேன், சொல்லேன்'னு உயிரை எடுக்குறான். அவனுக்கு அப்புறம் இன்னும் அஞ்சு பேரு வரிசையில நிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?"

"அட்ரஸைச் சொல்லு!" என்றாள் அக்கா. கணவர் அதற்குள் ஒரு புது நோட்டை எடுத்து, ஆறு பேருக்கு ஆறு பக்கம் பிரித்து, கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் இப்போது எந்த ஃபைலின் பெயரையும் மனைவியைக் கேட்காமல் மாற்றுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். ஆனால் நோட்டுக்கு யாரும் தடை சொல்ல முடியாதல்லவா.

அப்படித்தான் அது தொடங்கியது. வாரம் ஆறு நாள் பல், ஏழாம் நாள் கேமரா. முதல் ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வீடு. இரண்டாம் மாடி, ஒரே அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில். கட்டிலில் ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், இரண்டும் நல்ல தூக்கம். அக்கா கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. குழந்தைகளின் அம்மா தர்மசங்கடமாக நெளிந்தாள்.

"எழுப்பட்டுமாக்கா?"

"வேண்டாம்மா. தானா எழுந்திரிக்கட்டும். அதைத்தான் அவரு பார்க்கணும்."

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து இடப்பக்கத்துப் பொட்டலம் அசைந்தது. ஒரு குட்டிக் கை வெளியே வந்து காற்றைப் பிடித்தது. மூக்கு சுருங்கியது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் அகலத் திறந்து அது அழத் தொடங்கியதும், அந்தச் சத்தத்தில் வலப்பக்கத்ததும் விழித்து, இன்னும் பெரிய குரலில் கூடச் சேர்ந்துகொண்டது.

"ஐயோ, அழறாங்களே!" என்று அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"அழட்டும் அழட்டும், தொடாதே!" என்று கிசுகிசுத்தாள் அக்கா. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு குரலும் தனித்தனியா பதியுது பாரு!"